குறைந்த செலவில் சரியான குளிர்கால ஜாக்கெட்: பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கடுங்குளிர் நிலவும் ஓர் ஊருக்கு முதன்முறையாகப் புறப்படுபவர்களில் பலர், கடைக்குள் நுழைந்ததும் அங்கே தொங்குவனவற்றுள் மிகத் தடிமனான ஜாக்கெட்டைத்தான் தேடுகிறார்கள். தடிமன் கூடினால் கதகதப்பு கூடும், விலை கூடினால் இரண்டும் கூடும் என்ற எண்ணத்தில் தேவைக்கு மேல் செலவழித்துவிட்டு, போன இடத்தில் நடக்கும்போது வியர்த்தும் நிற்கும்போது நடுங்கியும் அவதிப்படுகிறார்கள். ஜாக்கெட் எதுவும் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறிவிடாமல் தடுப்பது, இழைகளுக்கு இடையே அசையாமல் தங்கியிருக்கும் உலர்ந்த காற்றுதான். அந்தக் காற்றைப் போதிய அளவு பிடித்து வைப்பது, வெளிக்காற்று உள்ளே புகுந்து அதைக் கலைக்காமல் பார்த்துக்கொள்வது, ஈரம் அதன் இடத்தைப் பிடிக்காமல் தடுப்பது ஆகிய மூன்று வேலைகளையும் செய்கிற ஜாக்கெட் எதுவாயினும் அது நல்ல ஜாக்கெட்டே. இந்த மூன்றுக்கு மட்டும் பணம் கொடுத்து, மற்றவற்றுக்குக் கொடுக்காமல் இருப்பது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: போகும் இடத்தின் குளிரை எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்

"அங்கே ரொம்பக் குளிராமே" என்பதை வைத்து எதையும் வாங்க முடியாது. நீங்கள் போகும் மாதத்தில் அந்த ஊரின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை, சராசரி அதிகபட்ச வெப்பநிலை, காற்றின் வழக்கமான வேகம், மழையோ பனியோ பெய்யும் நாட்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் அந்நாட்டு வானிலைத் துறையின் பதிவுகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் ஏறும் திட்டம் இருந்தால், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் கழியும் என்று கணக்கிட வேண்டும். அடிவாரத்தில் 5 டிகிரி என்றால், அங்கிருந்து 2,000 மீட்டர் மேலே ஏறக்குறைய மைனஸ் 8 டிகிரி இருக்கும்.

காற்றின் வேகத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்திவரும் கணக்கின்படி, மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடப்படாத முகத்துக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரியாக உறைக்கும். அதே காற்று பூச்சியம் டிகிரியில் வீசினால் மைனஸ் 6 டிகிரியாக உறைக்கும். இந்தக் கணக்கு மூடப்படாத தோலுக்கானது என்பதை மறக்காமல் இருந்தால் செலவு மிச்சமாகும். மைனஸ் 20 டிகிரிக்கான கனத்த ஜாக்கெட்டைத் தேடி ஓடுவதைவிட, காற்றுப் புகாத வெளித்துணியும் நல்ல தலைமூடியும் கொண்ட நடுத்தர ஜாக்கெட்டை எடுத்தாலே காற்றினால் கூடும் குளிரில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆடையைப் பொறுத்தவரை மைனஸ் 15 டிகிரி உலர்குளிரைவிட, மழையும் உருகும் பனியும் கலந்து விழும் 0 முதல் 5 டிகிரி வரையிலான ஈரக்குளிர்தான் சமாளிக்கக் கடினமானது. மைனஸ் 15 டிகிரியில் விழும் பனி மாவுபோல் உதிர்ந்துவிடும், தட்டினால் போய்விடும். பூச்சியத்துக்கு அருகில் விழும் பனியோ துணியில் ஒட்டி, உருகி, உள்ளே இறங்கும். அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த ஜாக்கெட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முழுப் பயன் தராது. ஆகவே வெப்பநிலை எண்ணுக்குப் பக்கத்தில் ஈரக்குளிரா, உலர்குளிரா என்பதையும் எழுதிவையுங்கள். பின்னால் எடுக்கவிருக்கும் முடிவுகளில் பாதி அந்த ஒரு சொல்லைச் சார்ந்தவை.

இரண்டாம் படி: நடப்பீர்களா, நிற்பீர்களா?

ஆடையின் வெப்பக்காப்பை அளக்க 1941ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் "குளோ" என்ற அலகை முன்வைத்தார்கள். 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவரை இதமாக வைத்திருக்கத் தேவையான ஆடை 1 குளோ. அந்த அலகை வகுக்கும்போதே "உட்கார்ந்திருப்பவர்" என்று உடலின் உழைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததைக் கவனியுங்கள். இயல்பான வேகத்தில் நடப்பவரின் உடல், உட்கார்ந்திருப்பவரின் உடலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. எனவே ஒரே தெருவில், ஒரே நேரத்தில், வேகமாக நடப்பவருக்கு மெல்லிய ஜாக்கெட்டே போதும். பேருந்துக்காக அரை மணி நேரம் நிற்பவருக்கு அது போதாது.

நகரங்களைச் சுற்றிப் பார்ப்பவர் கடைக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் இரயிலுக்குள்ளும் அடிக்கடி நுழைந்து வெளியேறுவார். அவருக்கு எளிதில் கழற்றி மாட்டக்கூடிய நடுத்தர ஜாக்கெட் ஏற்றது. இரவு முழுவதும் திறந்தவெளியில் நின்று வடதுருவ ஒளிகளைப் பார்க்கப் போகிறவர், வனவிலங்குகளைப் படம் எடுக்க அசையாமல் காத்திருப்பவர், குழந்தைகள் பனியில் விளையாடுவதை ஓரமாக நின்று பார்க்கும் பெற்றோர் ஆகியோருக்கே தடிமனான, இடுப்புக்குக் கீழே இறங்கும் ஜாக்கெட் உண்மையில் தேவைப்படுகிறது.

மூன்றாம் படி: ஜாக்கெட்டுக்கு முன்னால் உள்ளாடைகளைத் தீர்மானியுங்கள்

ஒதுக்கிய பணம் முழுவதையும் ஜாக்கெட்டில் போட்டுவிட்டு உள்ளே பருத்திச் சட்டை அணிவது, குளிர்ப்பயணங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் வீண்செலவு. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குளிரில் எளிதில் உலராது. தோலை ஒட்டி அணிய வேண்டியது பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்ளாடை. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. பல நாள் அணிந்தாலும் அவ்வளவாக வாடை வராது. பாலியஸ்டர் அதைவிட மலிவானது, விரைவில் உலர்வது. சிக்கனமாகப் போகிறவர்களுக்குப் பாலியஸ்டரே போதும் என்பது என் கருத்து.

அதற்கு மேல், கம்பளிபோல் மென்பஞ்சு எழுப்பிய பாலியஸ்டர் துணியான ஃப்ளீஸில் ஒரு சட்டை. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்தத் துணி, இன்று கம்பளி ஸ்வெட்டரின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இத்தனை கிராம் என்ற கணக்கில் 100, 200, 300 என்று எடை வாரியாகக் கிடைக்கும். பயணத்துக்கு 200 நடுநிலையானது. இதன் வழியாகக் காற்று தாராளமாகப் புகும் என்பதால் தனியாக அணிந்து பயனில்லை, ஜாக்கெட்டுக்குள் அணிந்தால்தான் பயன். இந்த இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு, மீதியை ஜாக்கெட்டுக்கு ஒதுக்குங்கள். உள்ளே இரண்டு நல்ல அடுக்குகள் இருந்தால், ஜாக்கெட்டில் ஒரு படி இறங்கி வாங்கினாலும் குறை தெரியாது.

நான்காம் படி: உள்நிரப்பைத் தேர்ந்தெடுங்கள்

விலையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். விற்பனையாளரின் பேச்சுக்கு நாம் அதிகம் மயங்குவதும் இங்கேதான். உள்நிரப்பு இரண்டு வகைப்படும். ஒன்று, வாத்து அல்லது பெருவாத்தின் மார்புப் பகுதியில் இறகுகளுக்கு அடியில் வளரும் மென்தூவி. மற்றது, அதைப் போலச் செய்யப்பட்ட பாலியஸ்டர் இழை.

எடைக்கு எடை பார்த்தால் தூவியே அதிகக் கதகதப்பு தரும். அழுத்தினால் சிறு பைக்குள் சுருங்கி, விட்டால் மறுபடி உப்பும். பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும். நனைந்தால் மட்டும் கட்டியாகிச் சுருண்டு, காற்றைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். தூவி ஜாக்கெட்டின் விவரச்சீட்டில் 550, 600, 700, 800 என்று ஓர் எண் இருக்கும். ஃபில் பவர் எனப்படும் இந்த எண், ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதைக் காட்டுகிறது. எண் கூடினால் ஜாக்கெட் அதிகக் கதகதப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் தூவியின் தரத்தை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தூவி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கதகதப்பை மதிப்பிட ஃபில் பவரைத் தூவியின் எடையோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். 800 ஃபில் பவர் தூவி 120 கிராம் உள்ள ஜாக்கெட்டும், 600 ஃபில் பவர் தூவி 160 கிராம் உள்ள ஜாக்கெட்டும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைப் பிடித்து வைக்கின்றன. இரண்டுக்கும் உள்ள எடை வேறுபாடு வெறும் 40 கிராம். விலை வேறுபாடோ பெரும்பாலும் கணிசமானது. முதுகுப்பையில் ஒவ்வொரு கிராமையும் எண்ணும் மலையேறிக்கு அந்த 40 கிராம் முக்கியமாக இருக்கலாம். நகரத்துக்குப் போகும் பயணி அதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தூவியின் எடை ஜாக்கெட்டின் சீட்டிலோ தயாரிப்பாளரின் விவரத்திலோ எங்குமே குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த ஜாக்கெட்டை ஒப்பிடவே வழியில்லை, விட்டுவிடுவது நல்லது.

சீட்டில் 90/10 அல்லது 80/20 என்றும் இருக்கும். முதல் எண் தூவியின் பங்கு, இரண்டாவது சாதாரண இறகின் பங்கு. 80/20 போதுமானது. "இறகு நிரப்பியது" என்று மட்டும் எழுதியிருக்கும் மலிவு ஜாக்கெட்டில் காம்புள்ள இறகுகளே மிகுந்திருக்கும். அவை அதிகக் காற்றைப் பிடிப்பதில்லை, துணியைக் குத்திக்கொண்டு வெளியேயும் வரும். பறவைகள் துன்புறுத்தப்படாமல் தூவி பெறப்பட்டதா என்பதில் அக்கறையுள்ளவர்கள் 2014இல் தொடங்கப்பட்ட பொறுப்பான தூவித் தரச்சான்றின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பாலியஸ்டர் நிரப்பு, ஈரமானாலும் உப்பலின் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ளும், விரைவில் உலரும், வீட்டு இயந்திரத்திலேயே துவைக்கலாம், விலையும் குறைவு. அமெரிக்க இராணுவத்துக்கு நனையாத் தூவி ஒன்று வேண்டும் என்ற தேவையிலிருந்து 1980களில் பிறந்த ப்ரிமாலாஃப்ட் இவ்வகையில் பெயர்பெற்றது. 3எம் நிறுவனத்தின் தின்சுலேட்டும் அப்படியே. பெயர் தெரியாத பாலியஸ்டர் நிரப்பும் மோசமானதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது, எடை குறிப்பிடப்பட்டிருந்தால் போதும். ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம் என்றால் இலேசான குளிருக்கு. 100 கிராம் என்றால் பூச்சியத்தை ஒட்டிய குளிருக்கு, உள்ளே ஃப்ளீஸ் அணிந்து நடமாடினால் அதற்குச் சற்றுக் கீழேயும். 150 முதல் 200 கிராம் என்றால் மைனஸ் பத்துகளைத் தொடும் குளிருக்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இவ்வகையின் குறைகள், பைக்குள் அதிக இடத்தை அடைப்பதும், பல ஆண்டுகள் அழுத்தி மடக்கினால் உப்பல் மெல்ல மெல்லக் குறைவதும்தான்.

ஆகவே ஈரக்குளிர் என்று எழுதிவைத்திருப்பவர்களும், எப்போதாவது ஒருமுறை மட்டும் குளிர்நாட்டுக்குப் போகிறவர்களும், குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களும் தயக்கமின்றிப் பாலியஸ்டரையே எடுக்கலாம். மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே உலர்குளிரில் நெடுநேரம் நிற்கப் போகிறவருக்குத் தூவிக்கான கூடுதல் செலவு நியாயமானது.

தூவி ஜாக்கெட்டில் தையலையும் பாருங்கள். வெளித்துணியையும் உள்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருந்தால், தையல்கோடு போகும் இடமெல்லாம் தூவியே இல்லாமல் குளிர் நுழையும். மிதமான குளிருக்கு அது பரவாயில்லை. கடுங்குளிருக்கு, தூவி அடைத்த அறைகளுக்கு இடையே சிறு துணிச்சுவர் வைத்துத் தைத்த வகையே ஏற்றது. அது விலை கூடியது என்பதால், தேவைப்படும் குளிருக்கு மட்டும் தேடுங்கள்.

சீட்டில் "மைனஸ் 30 டிகிரி வரை" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு முடிவெடுக்காதீர்கள். பயணிகளுக்கு விற்கப்படும் ஜாக்கெட்டுகளுக்கு எல்லா நாடுகளிலும் கட்டாயமான பொது அளவுகோல் கிடையாது. அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தம் விருப்பப்படி போட்டுக்கொள்ள முடியும். குளிரில் வேலை செய்வோரின் உடைகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 342 குறிக்கப்பட்டிருந்தால் மட்டும், அதன் வெப்பக்காப்பு ஆய்வகத்தில் அளக்கப்பட்டது என்று நம்பலாம்.

ஐந்தாம் படி: வெளித்துணி

நீர்த்தடுப்பைத் துணிமேல் நிற்கும் நீர்த்தூணின் உயரமாக, மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 5,000 என்றால் சிறு தூறலைத் தாங்கும்; 10,000 என்றால் தொடர்மழையையும் ஈரப்பனியையும் தாங்கும்; 20,000 என்பது மலைகளிலும் கடும் மழையிலும் நாட்களைக் கழிப்பவர்களுக்கானது. ஈரக்குளிருக்கு 10,000 போதும், ஆனால் தையல்களின் உட்புறம் டேப் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். துணி எவ்வளவு உயர்ந்ததாயினும், டேப் ஒட்டாத ஊசித்துளைகள் வழியே நீர் கசியும். உலர்குளிருக்குப் போகிறவருக்கு இந்த எண்கள் தேவையே இல்லை; நெருக்கமாக நெய்த, நீர் உருண்டோடும் பூச்சுள்ள நைலானோ பாலியஸ்டரோ போதும். நீர்த்தடுப்புச் சவ்வு, அதாவது நீரைத் தடுக்கத் துணியின் உட்புறம் ஒட்டும் மெல்லிய படலம், இல்லாத துணி வியர்வையாவியை எளிதாக வெளியேற்றும் என்பதால், அங்கே மலிவானதே நல்லதாகவும் அமைந்துவிடுகிறது.

நீர்த்தடுப்பும் தடித்த நிரப்பும் ஒன்றாகச் சேர்ந்த ஜாக்கெட் விலை கூடியது. அதைவிட, நிரப்புள்ள எளிய ஜாக்கெட் ஒன்றையும், அதன்மேல் அணியக்கூடிய மெல்லிய மழை ஜாக்கெட் ஒன்றையும் தனித்தனியே வாங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். மழையற்ற நாளில் ஒன்று, மழைநாளில் இரண்டும், ஊர் திரும்பிய பின் மழைக்காலத்தில் மற்றொன்று என்று மூன்று விதமாகப் பயன்படும். மழை ஜாக்கெட் ஓர் அளவு பெரியதாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் உள்ளே உள்ள நிரப்பை நசுக்கி, அது பிடித்து வைத்த காற்றை வெளியேற்றிவிடும்.

ஆறாம் படி: அணிந்து பாருங்கள்

கடைக்குப் போகும்போது உள்ளாடையையும் ஃப்ளீஸையும் கையோடு கொண்டுபோய், அவற்றுக்கு மேல் அணிந்து பாருங்கள். ஜிப்பை மேல்வரை இழுத்த பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். அடிவிளிம்பு இடுப்புக்கு மேலே ஏறினாலோ, கை முனை முழங்கையை நோக்கி ஓடினாலோ அது சிறியது. கைகளை முன்னால் கட்டிக்கொள்ளும்போது முதுகில் இழுவிசை தெரிந்தால், அந்த இடத்தில் நிரப்பு நசுங்குகிறது என்று பொருள். மிகப் பெரிதாக இருப்பதும் கூடாது. கழுத்தும் இடுப்பும் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அசைவிலும் உள்ளே இருக்கும் இளஞ்சூட்டுக் காற்று வெளியேறிக் குளிர்காற்று உள்ளே வரும்.

தலைமூடி இல்லாத குளிர்கால ஜாக்கெட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம். உடல்வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்று சொல்லப்படுவது உண்மையல்ல, தலையின் பரப்பு உடல் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மற்ற இடங்களை எல்லாம் மூடிவிட்டுத் தலையையும் கழுத்தையும் திறந்துவிட்டால், மிச்சமிருக்கும் இழப்பு அந்த வழியேதான் நடக்கும். கம்பளித் தொப்பிக்கு மேலே போட்டாலும் மூடும் அளவும், முகத்தை ஒட்டி இறுக்கும் கயிறும், தலையைத் திருப்பினால் கூடவே திரும்பும் அமைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் தைத்த செயற்கை ரோமம் பெரும்பாலும் அழகுக்கே; அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

ஜிப்புக்குப் பின்னால் காற்றை மறிக்கும் துணிப்பட்டை இருக்க வேண்டும். கையுறை அணிந்த கையால் ஜிப்பைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடையிலேயே சிக்குவது உறைபனியில் ஓடாது. நீண்ட ஜாக்கெட் என்றால், கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் இருந்தால் பேருந்தில் உட்கார வசதி. உட்பக்கம் ஒரு பை கட்டாயம் வேண்டும், ஏனெனில் குளிரில் கைபேசியின் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். உடலை ஒட்டி வைத்தால்தான் நாள் முழுதும் உழைக்கும். மின்கலத்தால் சூடேறும் ஜாக்கெட்டுகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் மின்கலத்தை விமானத்தில் கழற்றிக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், அதில் மின்னேற்றம் தீர்ந்ததும் அது சாதாரண ஜாக்கெட்தான் என்பதால் சிக்கனப் பயணிக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னும் சில சோதனைகளைக் கையாலேயே செய்யலாம். நிரப்பை இரு விரல்களுக்கிடையே நசுக்கி விட்டால் உடனே உப்ப வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வெறுமையான அறைகளும், ஓரிடத்தில் குவிந்த நிரப்பும் தெரிந்துவிடும். தையலை ஒட்டித் தேய்க்கும்போது இறகுமுனை குத்தினால் வேண்டாம். துணியில் வாயை வைத்து ஊதும்போது மறுபக்கம் காற்று தாராளமாக வந்தால், அது காற்றைத் தடுக்காது. ஒரு சொட்டு நீரைத் தெளித்தால் உருண்டோட வேண்டும்.

ஏழாம் படி: எங்கே, எப்போது வாங்குவது

பிராண்டின் பெயர், உயர்ந்த ஃபில் பவர், தேவையற்ற நீர்த்தடுப்புச் சவ்வு, இந்த ஆண்டின் புதிய நிறம் ஆகிய நான்கிலும் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். நிரப்பின் அளவு, தலைமூடி, ஜிப், உடற்பொருத்தம் ஆகிய நான்கிலும் பிடிக்கக் கூடாது. குளிர்காலம் முடியும் தறுவாயில், அதாவது வடகோளத்தில் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை, கடைகள் இருப்பைத் தீர்க்க விலையைக் குறைக்கும். அடுத்த ஆண்டுப் பயணம் உறுதியாகத் தெரிந்தவர்கள் அப்போதே வாங்கிவைக்கலாம். சிறிய உடல்வாகு உள்ள பெரியவர்கள் சிறுவர் பிரிவின் பெரிய அளவுகளையும் பார்க்கலாம்; பெரும்பாலும் அதே நிரப்பு குறைந்த விலையில் கிடைக்கும்.

பழைய ஜாக்கெட் வாங்குவதில் எந்தத் தாழ்வும் இல்லை. தூவி கட்டிகட்டியாக உருண்டிருக்கிறதா, பூஞ்சை வாடை வருகிறதா, கைமுனையும் கழுத்தும் நைந்திருக்கின்றனவா, நீர்த்தடுப்புச் சவ்வு உட்புறம் செதில்செதிலாக உரிகிறதா என்று பாருங்கள். உரிந்த சவ்வைச் சரிசெய்ய முடியாது. மற்றக் குறைகளில் சில துவைத்தால் தீரும். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் மைனஸ் 30 டிகிரிக்குப் போகிறவர்களுக்கு வாடகையே சிறந்தது. அத்தகைய சுற்றுலாக்களை நடத்துவோர் பலர் கனத்த மேலாடையையும் காலணியையும் வாடகைக்கோ, கட்டணத்தில் சேர்த்தோ தருகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். போய் இறங்கும் ஊரில் வாங்க எண்ணுபவர்கள், விமான நிலையத்திலிருந்து கடை வரை போகும் அளவுக்காவது உள்ளாடையும் ஃப்ளீஸும் மழை ஜாக்கெட்டும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: கொண்டுபோவதும் பேணுவதும்

பயணப்பையில் அழுத்தி வைத்த ஜாக்கெட்டை, இறங்கியதும் எடுத்து உதறி, சில மணி நேரம் தொங்கவிட்ட பிறகு அணியுங்கள். அப்போதுதான் நிரப்பு முழுதாக உப்பும். வீட்டில் வைத்திருக்கும் மாதங்களில் அழுத்திய பைக்குள் வைக்காமல் அலமாரியில் தொங்கவிடுங்கள். வியர்வையும் எண்ணெய்ப்பிசுக்கும் ஏறிய தூவி சரியாக உப்பாது என்பதால், குளிர்காலத்துக்கு ஒருமுறையாவது தூவிக்கென்று விற்கும் சோப்புத் திரவத்தில், முன்புறம் திறக்கும் இயந்திரத்தில், மெல்லிய சுழற்சியில் துவைக்க வேண்டும். துணிமென்மையூட்டி சேர்க்கக் கூடாது. உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், சுத்தமான இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிட்டால் அவை தட்டித்தட்டித் தூவிக் கட்டிகளைப் பிரித்துவிடும். அதே சூடு வெளித்துணியின் நீர் உருட்டும் பூச்சையும் ஓரளவு புதுப்பிக்கும். வெளியே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். விரலால் அறை அறையாக அழுத்திப் பார்த்து, எங்கும் கட்டி தட்டுப்படாத வரை உலர்த்துவதை நிறுத்தாதீர்கள்.